நாலு மணிப் பூசையில் ஒரு கும்பசாரம்

எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மூன்று பூசைகள். காலையில் இரண்டு, மலையாளத்தில். மாலை நாலு மணிக்கு ஒன்று, தமிழில். அந்த நாலு மணியை யோசித்துத்தான் வைத்திருந்தார்கள். தம்பானூர் ஓட்டல்களில் மத்தியானச் சாப்பாடு முடிந்து, ராத்திரி டிபனுக்கு அடுப்பு மூட்டும் முன் கிடைக்கிற இடைவேளை அது. கட்டட வேலைக்காரர்களுக்கு ஞாயிறு மத்தியானத்தோடு வேலை முடியும். துணிக்கடைகளில் நிற்கும் பெண்களுக்கு அன்று விடுமுறை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் குளித்து, தலைவாரி, பவுடர் போட்டுக்கொண்டு அந்த ஒரு மணி நேரத்துக்கு வருவார்கள். பூசை முடிந்ததும் கோயில் மதிலுக்கு வெளியே டீக்கடை முன்னால் இன்னொரு மணி நேரம் நிற்பார்கள். ஊர்ச் செய்தி, எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்ற விவரம், யாருக்குப் பெண் பார்க்கிறார்கள் என்பது எல்லாம் அங்கேதான்.

எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பூசைக்குப் போனதில்லை. அப்பா நாகர்கோவிலுக்குப் பக்கத்திலிருந்து இளம் வயதில் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசி மொத்தக் கடையில் கணக்கெழுதினார். நான் பிறந்ததும் படித்ததும் திருவனந்தபுரத்தில்தான். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த பிறகு காகிதத்தில் இங்கிலீஷ். ஞாயிறு காலை ஏழு மணி மலையாளப் பூசைக்குப் போய்விட்டு, திரும்பும் வழியில் மீன் வாங்கிக்கொண்டு வருவோம். நாலு மணிப் பூசையைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா, “அது வேலைக்கு வந்தவிய பூசையில்லியா” என்பார். இளக்காரமாகச் சொன்னதில்லை. எந்த பஸ் எந்தப் பக்கம் போகும் என்று சொல்வதுபோலச் சொல்வார்.

தொண்ணூறுகளின் நடுவில், தமிழ்ப் பூசை வைத்துக்கொண்டிருந்த உதவிச் சாமியாரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். அவர் குமரி மாவட்டத்துக்காரர், கண்டிப்பானவர். அவருக்குப் பதிலாகத் தமிழ் தெரிந்த யாரும் வரவில்லை. பூசை நின்றுவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நிற்கவில்லை. பங்குச் சாமியாரே அதை எடுத்துக்கொண்டார். கொல்லம் பக்கத்து மலையாளி. ஐம்பதைத் தாண்டியவர், கனத்த உடம்பு, நடையும் பேச்சும் மெதுவாக இருக்கும். தமிழில் ஓர் எழுத்துக்கூட அவருக்கு வாசிக்கத் தெரியாது.

ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஞாயிறு காலை பூசைக்குப் பிறகு நான் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பேன். வகுப்பில் ஒரு பிள்ளையைத் தமிழில் திட்டியதை அவர் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறார். அந்தத் தமிழில் பூசை ஜெபங்களைத் தனக்குச் சொல்லித்தர வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அதற்குள் டீ போடப் போய்விட்டாள். மறுக்க முடியாத காரியம் என்று எனக்குத் தெரிந்தது.

எழுத்துப் படிக்க அவருக்கு நேரமில்லை. அதனால் தமிழ்ப் பூசைப் புத்தகத்தை மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். எளிதாக முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். தமிழில் ஒரே ‘க’தான். மலையாளத்தில் அதற்கு நாலு எழுத்து. ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, இது எந்த ‘க’ என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. பக்கம், தங்கம், அகம் என்று பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றும் வேறு வேறு சத்தம் என்று அப்போதுதான் கவனித்தேன். சனிக்கிழமைதோறும் ஆபீஸ் விட்டு வரும் வழியில் கோயிலில் இறங்குவேன். அவர் அந்தத் தாள்களை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார், நான் திருத்துவேன். ‘ழ’ அவருக்கு என்னைவிட நன்றாக வந்தது.

பிரசங்கம்தான் சிக்கல். முதலில் கொஞ்ச காலம் மலையாளத்திலேயே மெதுவாகப் பேசினார். பிறகு துணிச்சல் வந்து, மலையாளச் சொற்களின் வாலை மட்டும் தமிழாக மாற்றிப் பேச ஆரம்பித்தார். ஒரு ஞாயிறு, மனம் திரும்புவதற்குக் கடவுள் நமக்கு வாய்ப்புத் தருகிறார் என்று சொல்ல வந்தவர், வாய்ப்பு என்பதற்கு மலையாளத்தில் உள்ள சொல்லை அப்படியே வைத்து, “தெய்வம் நமக்கு அவசரம் தருகிறார். எல்லா நாளும் அவசரம் தருகிறார்” என்றார். யாரும் சிரிக்கவில்லை. பூசை முடிந்து டீக்கடையில் ஒரு கொத்தனார், சாமி சொன்னது சரிதான், இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து தனக்கு அவசரம்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமியாரிடம் அதைச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தார். திருத்த வேண்டாம், அதுவும் பொருந்துகிறது என்றார்.

இப்படியாக நானும் நாலு மணிப் பூசைக்குப் போக ஆரம்பித்தேன். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. காலையில் வீட்டாரோடு ஒரு பூசை, மாலையில் இவர்களோடு ஒன்று.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அப்போது கும்பசாரத்துக்கு வரிசை நிற்கும். செய்த பாவங்களைச் சாமியாரிடம் தனியாகச் சொல்லி மன்னிப்புப் பெறுவதை ஊரில் பாவசங்கீர்த்தனம் என்று சொல்லி வளர்ந்தவர்களில் பலர், இங்கே வந்த கொஞ்ச நாளில் மலையாளிகளைப்போலக் கும்பசாரம் என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். பழைய சாமியார் காலத்தில் வரிசை குட்டையாக இருக்குமாம். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார், குரலும் வெளியே கேட்கும். இந்தச் சாமியாரின் முதல் தவக்காலத்தில் வரிசை பக்கத்து வாசலைத் தாண்டி வெளியே போயிற்று. சாமிக்குப் பாதிதான் புரிகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிருந்தது. பல வருஷமாக அந்தப் பக்கமே போகாதவர்கள்கூட வந்து, கடகடவென்று தமிழில் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து எழுந்து போனார்கள். சாமியாருக்கும் இது தெரியும். கேட்கிறவர் வேறொருவர், தான் அங்கே உட்கார்ந்திருப்பது மட்டும்தான் என்று என்னிடம் மலையாளத்தில் சொன்னார்.

ஒருவருக்கு மட்டும் இது போதவில்லை.

அவரை எல்லாரும் ஓட்டல் அக்கா என்று கூப்பிட்டோம். ராதாபுரம் பக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். புருஷன் இளம் வயதிலேயே போய்விட, பிள்ளையும் இல்லாமல், தாயாரை அழைத்துக்கொண்டு பிழைக்க வந்தவர். தம்பானூரில் ஒரு ஓட்டலின் பின்கட்டில் மாவாட்டுவதும் பாத்திரம் கழுவுவதும் வேலை. சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து விரல்கள் எப்போதும் வெளுத்து, சுருங்கியிருக்கும். முன்வரிசையில் ஃபேனுக்கு நேர் கீழே உட்காருவார். பாட்டில் எல்லாருக்கும் அரை அடி முன்னால் போவார். தாயார் இறந்து பல வருஷமாகியிருந்தது. எங்கள் கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். ஒரே தங்கை பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக்கொடுக்கப்பட்டிருந்தாள். அவளோடு பேச்சுவார்த்தை இல்லை என்று அவரே டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். காரணம் சொன்னதில்லை.

குருத்தோலை ஞாயிறுக்கு இரண்டு வாரம் முன்பு, பூசை முடிந்ததும் என்னை மதிலோரமாக அழைத்துப் போனார்.

“நான் போன வாரம் சங்கீர்த்தனம் பண்ணுனேன், பிள்ள. சாமிக்கு ஒண்ணும் வெளங்கல.”

புரிந்திருக்கும், அவர் இப்போது முன்னைக்கு நன்றாகப் பேசுகிறார் என்றேன்.

“வெளங்கியிருந்தா மூணு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லி விட்டிருக்க மாட்டாவ. நான் சொன்ன காரியத்துக்கு அது காணாது.”

கும்பசாரத்தின் முடிவில் சாமியார் பரிகாரமாக ஏதாவது சொல்லவோ செய்யவோ சொல்வார். அபராதம் என்போம். பொய் சொன்ன சின்னப்பிள்ளைக்குக் கொடுப்பதைத் தனக்குக் கொடுத்துவிட்டார் என்பது அவருடைய குறை. நாகர்கோவிலுக்குப் போய்த் தமிழ்ச் சாமியார் யாரிடமாவது சொல்லலாமே என்று கேட்டேன். ஓட்டலில் லீவு தரமாட்டார்கள் என்றார். கொஞ்சம் பொறுத்து, லீவு தந்தாலும் போகப்போவதில்லை, இங்கே நடந்ததை இங்கேதான் சொல்ல வேண்டும் என்றார்.

“நீ பக்கத்துல இருந்து அவியளுக்கு மலையாளத்துல சொல்லு.”

முடியாது என்றேன். அப்படியெல்லாம் செய்யக்கூடாது என்றும் சொன்னேன். செய்யக்கூடாது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. சாமியாரே மறுத்துவிடுவார் என்ற நம்பிக்கையில் அடுத்த சனிக்கிழமை அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். பாவம் சொல்ல வருகிறவர் விரும்பினால் மொழி தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளலாம், திருச்சபை அதைத் தடுக்கவில்லை என்றார். ஆனால் அப்படி உட்காருகிறவர் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது. சாகும்வரை, யாரிடமும், எதற்காகவும். என்னால் முடியுமா என்று கேட்டார். பதிலை உடனே சொல்ல வேண்டாம், ஒரு வாரம் யோசித்துச் சொல் என்றார்.

அந்த வாரம் முழுக்க ஆபீசில் டைப் அடிக்கும்போது பிழைகள் விழுந்தன. கடைசியில் சரி என்றதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. இல்லை என்று சொன்னால் ஒவ்வொரு ஞாயிறும் அந்த அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். அது சங்கடமாகத் தோன்றியது.

பீடத்துக்குப் பக்கத்தில் பூசை உடுப்புகள் வைத்திருக்கும் அறையில்தான் நடந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஓட்டல் இடைவேளையில் ஈரப் புடவைத் தலைப்போடு வந்துவிட்டார். மெழுகும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை. மூன்று நாற்காலிகள். சாமியார் கழுத்தில் ஊதாப் பட்டையைப் போட்டுக்கொண்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். நான் நடுவில்.

அக்கா ஒரு வாக்கியம் சொன்னார். நான், “அவர் பறயுந்நது” என்று ஆரம்பித்தேன். சாமியார் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“‘அவர்’ வேண்டா மோளே. ‘ஞான்’ எந்நு பற.”

அவர், அவள் என்றால் அது ஊர்க்கதை ஆகிவிடும், கும்பசாரம் ஆகாது என்று பொறுமையாக விளக்கினார். அக்காவின் வாயாகத்தான் நான் பேச வேண்டுமாம். நான் திரும்பத் தொடங்கினேன். அந்த ‘ஞான்’ வாயில் வர நேரம் பிடித்தது. ஒருமுறை வந்த பிறகு பிரச்சினை இல்லை. நான் செய்தேன், நான் சொன்னேன், நான் சொல்லவில்லை என்று போய்க்கொண்டிருந்தது. பாதியில் ஒரு சொல்லுக்கு மலையாளத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று லேசானது, ஒன்று கனமானது. நான் லேசானதைச் சொன்னேன்.

“அதில்ல பிள்ள. மத்தது” என்றார் அக்கா.

அத்தனை வருஷம் ஓட்டல் பின்கட்டில் மலையாளிகளோடு இருந்தவர். பேச வராதே தவிர, கேட்டால் புரியும். அதை நான் யோசித்திருக்கவில்லை. மற்றதைச் சொன்னேன். சாமியார் அப்போதுதான் முதன்முதலாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு அவர் இரண்டு கேள்வி கேட்டார், நான் தமிழில் கேட்டேன். அபராதம் சொன்னார், அதையும் சொன்னேன். மன்னிப்பு ஜெபத்தை அவரே தமிழில் சொன்னார். நான் எழுதிக் கொடுத்ததுதான், ஒரு பிழையும் இல்லை.

அக்கா எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, மாவாட்ட நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். உள்ளே என்ன சொன்னார், என்ன அபராதம் என்பதை அன்றும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. நான் எதற்குப் போனேன் என்பது வீட்டில் தெரியும். ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பா, “அவிய என்னவாக்கும் சொன்னாவ?” என்று சாதாரணமாகக் கேட்டார். சொல்லக்கூடாது என்றேன். அப்பாவிடம்கூடவா என்பதுபோலப் பார்த்தார். கடையில் நடந்த எதையும் அவர் எங்களிடம் மறைத்ததில்லை. இரண்டு நாள் என்னோடு கொஞ்சம் குறைவாகப் பேசினார், அப்புறம் சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிறு அக்கா எப்போதும்போல ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, எப்போதும்போல அரை அடி முன்னால் பாடினார். என்னைப் பார்த்து எப்போதும்போலச் சிரித்தார். எனக்குத்தான் அவர் பக்கம் போகத் தயக்கமாக இருந்தது. வாசகம் முடிந்ததும் மறுபக்கமாக இறங்கி ஆண்கள் வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். அக்கா டீக்கடையில் என்னைப் பிடித்து, பொன்முடிக்குத் தங்கையைப் பார்க்கப் போகப்போவதாகவும், பஸ் போர்டு வாசிக்கத் தெரியாததால் நான் கூட வர வேண்டும் என்றும் சொன்னார். இதற்கும் அந்தச் சனிக்கிழமைக்கும் தொடர்பு உண்டா என்று கேட்டால் நான் பதில் சொல்ல முடியாது. பின்னால் நடந்ததைச் சொல்லலாம். அது திறந்த வெளியில், நாலு பேர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த இடத்தில் நடந்தது.

ஓட்டலில் எப்படியோ லீவு வாங்கிவிட்டார். ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடித்தோம். நெடுமங்காடு, விதுரா தாண்டி ஏற்றம் தொடங்கியதும் அக்காவுக்குத் தலைசுற்றிற்று. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். மடியில் ஓட்டலின் பழைய அரிசிப் பையில் ஒரு கிலோ மிக்சரும் ஒரு சீப்பு ஏத்தன்பழமும் இருந்தன. இறங்கிய இடத்திலிருந்து தோட்டத்து லயத்துக்கு நடக்க வேண்டும். தொழிலாளர் வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கட்டடத்தை அங்கே லயம் என்பார்கள். போய்ச் சேரும்போது கடைசி வீட்டிலிருந்து கைதட்டலும் பாட்டும் கேட்டது. தங்கை புருஷனோடு சேர்ந்து பெந்தகொஸ்தே சபைக்குப் போய்விட்டவள். ஞாயிறு காலை அவர்களுடைய ஜெபக்கூட்டம் அது.

உள்ளே போகலாம் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். பொதுக் குழாயடிக்குப் பக்கத்தில் நின்றோம். பாட்டு முடிந்து பிரசங்கம் நடந்தது, பிறகு மறுபடி பாட்டு. பனி இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா குளிர் தாங்காமல் தலைப்பை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். கடைசியில் கதவு திறந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். வெள்ளைப் புடவையும் கையில் பைபிளுமாக வந்த ஒருத்தி எங்களைப் பார்த்து நின்றாள். அக்காவின் அதே தாடை.

“எக்கா” என்றாள். ஆச்சரியத்தைவிடப் பயம்தான் அதில் இருந்தது. யாராவது செத்துவிட்டார்களோ என்று நினைத்திருப்பாள். வீட்டுக்கு வாருங்கள் என்று பையை வாங்கக் கை நீட்டினாள். அக்கா பையைக் கொடுக்கவில்லை.

“உள்ள வந்து ஒக்காந்தா எனக்குச் சொல்ல வராது. இங்கயே சொல்லிருதேன். அம்ம செத்தன்னைக்கு நான் உனக்குப் போன் பண்ணல. பண்ணுனேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். பண்ணல. நீ உன் சபைக்காரங்களக் கூட்டிட்டு வந்து, செபமால சொல்லக்கூடாது, மெழுகுதிரி கொளுத்தக்கூடாதுன்னு நிப்பேன்னு நெனச்சேன். அடக்கம் முடிஞ்ச பொறவுதான் ஆள் அனுப்புனேன்.”

தாயாரின் அடக்கத்துக்கு அம்மாவோடு போனது எனக்கு மங்கலாக நினைவிருந்தது. இளைய மகள் எங்கே என்று ஆட்கள் கேட்டதும், தோட்ட ஆபீசுக்குப் போன் போட்டாயிற்று, பஸ் கிடைத்திருக்காது என்று பதில் வந்ததும். பொன்முடிக்கு பஸ் குறைவு என்பது எல்லாருக்கும் தெரியும். யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாள் தங்கை வந்து, புது மண்ணைப் பார்த்து அழுதுவிட்டுத் திரும்பியிருக்கிறாள். அதற்குப் பிறகு அவள் சொல்லி அனுப்பிய போதெல்லாம் அக்காதான் போகாமல் இருந்திருக்கிறார். பேச்சை நிறுத்தியது தங்கை இல்லை என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

தங்கை பைபிளை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டாள்.

“போனே பண்ணலியா?”

“பண்ணல.”

“ஆபீசுல இருந்த கிளார்க்குகிட்ட நான் சண்ட போட்டேன். போன் வந்தும் எங்கிட்டச் சொல்லலன்னு. வரவேயில்லன்னு அவரு பிள்ளைய மேல சத்தியம் பண்ணுனாரு. நான் நம்பல. லயத்துல ஒருத்தரும் நம்பல. கொஞ்ச நாள்ல அவரு வேற தோட்டத்துக்கு மாத்தல் வாங்கிட்டுப் போய்ட்டாரு.” குழாயில் நிரம்பி வழிந்த யாருடைய குடத்தையோ காலால் தள்ளி வைத்தாள். “இப்ப அவரு எங்க இருக்காருன்னுகூடத் தெரியாது.”

தங்கை பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். வீடு ஒரே அறையும் ஒரு சமையல் இடமும். அரிசி களைந்து உலையில் போட்டாள், கருவாடு பொரித்தாள். என்னிடம் நிறையப் பேசினாள். கொழுந்து கிள்ளும் வேலை, அட்டைப்பூச்சி, மகள் பத்தாம் வகுப்பில் மலையாள மீடியத்தில் படிப்பது, மழைக்காலத்தில் பாதை அறுந்துபோவது. அக்காவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் சோறு போடும்போது அக்காவின் தட்டில் கேட்காமலே இரண்டாம் முறை போட்டாள், குழம்பும் விட்டாள். பஸ்ஸுக்குக் கூட வரவில்லை. புருஷன்தான் வந்து, வண்டி வளைவில் மறையும்வரை நின்றான்.

இறங்கும் வழியில் அக்கா, கருவாட்டில் உப்பு கூடுதல் என்று மட்டும் சொன்னார். நெடுமங்காடு வரும்போது தூங்கிவிட்டார். நாலு மணிப் பூசைக்கு நாங்கள் வந்து சேரவில்லை. வேறு யாரோ வாசகம் வாசித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மழைக்காலம் முழுவதும் பொன்முடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. அக்காவும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் அவர் பக்கத்தில் பழையபடி உட்கார ஆரம்பித்திருந்தேன். குழாயடியில் அவர் வாயால் கேட்ட பிறகு அந்த அறை எனக்கு அவ்வளவு கனமாக இல்லை.

நவம்பரில் இறந்தவர்களை நினைக்கும் நாள் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. பூசைக்குப் பிறகு எல்லாரும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அவரவர் வீட்டாரின் குழியில் மெழுகுதிரி கொளுத்துவோம், சாமியார் தீர்த்தம் தெளித்து வருவார். எங்கள் தோட்டத்தில் இடம் குறைவு. சில வருஷம் கழித்து அதே குழியில் வேறொருவரை அடக்குவார்கள். அக்காவின் தாயார் கிடந்த இடத்தில் இப்போது வேறு யாரோ ஒருவரின் சிலுவை நின்றது. மதிலோரமாக உத்தேசமாக ஒரு இடத்தை வைத்து அக்கா வருஷாவருஷம் கொளுத்துவார்.

நாங்கள் போகும்போது தங்கை அங்கே கேட்டருகில் குடையோடு நின்றுகொண்டிருந்தாள். தன் சபையின் ஞாயிறு ஜெபத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள். கோயிலுக்குள் வரவில்லை. பூசை முடியும்வரை கேட்டிலேயே நின்றிருக்கிறாள். அக்கா ஒன்றும் கேட்காமல் மதிலோரத்துக்கு நடந்தார், அவளும் கூடவே போனாள். ஐப்பசி மாதத்துத் துலாமழை தூறிக்கொண்டிருந்தது. அக்காவின் தீக்குச்சிகள் இரண்டு மூன்று அணைந்தன. இறந்தவர்களுக்காக ஜெபிப்பதும் மெழுகுதிரி கொளுத்துவதும் தங்கையின் சபையில் கிடையாது. அவள் கொளுத்தவில்லை. குடையைச் சாய்த்துத் திரிக்கு மேலே பிடித்தாள். முதுகு நனைந்தது.

சாமியார் வந்து, முதலில் மலையாளத்திலும் பிறகு தமிழிலும் ஜெபம் சொல்லி, தண்ணீர் தெளித்துவிட்டு அடுத்த குழிக்குப் போனார். தங்கையை அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்றதாக எனக்குத் தோன்றியது.

அவர் போன பிறகு தங்கை கேட்டாள். “அம்மைக்கு என்ன சேல கெட்டுனீய?”

“அந்தப் பச்ச. உன் கல்யாணத்துக்கு எடுத்துக் குடுத்தல்லா, அந்தச் சேல. அதத்தான் கெட்டணும்னு சொல்லிட்டுக் கெடந்தா.”

தங்கை, யார் குளிப்பாட்டினார்கள் என்று கேட்டாள். அம்மா கடைசியாக என்ன சாப்பிட்டாள், யார் பெயரைச் சொன்னாள், தலைமாட்டில் யார் இருந்தார்கள், காதில் கிடந்த கம்மலைக் கழற்றினார்களா. ஒவ்வொன்றாகக் கேட்டாள். அக்கா ஒவ்வொன்றுக்கும் விரிவாக, ஒன்றையும் விடாமல் சொன்னார். மற்றவர்கள் போய்விட்டார்கள். திரி எரிந்து முடிந்த பிறகும் குடை அப்படியே சாய்ந்திருந்தது. நான் டீக்கடைக்கு வந்துவிட்டேன். இருவரும் வர வெகுநேரமாயிற்று. அன்றைக்கு அக்கா ஓட்டலுக்கு நேரம் தப்பித்தான் போனார்.

அடுத்த வருஷம் சாமியாருக்கு மாற்றல் வந்தது. அவருக்குப் பின் வந்த இளம் சாமியார் நல்ல தமிழ் பேசினார். தவக்காலத்தில் வரிசை மறுபடி குட்டையாகிவிட்டது. நான் கல்யாணமாகி வேறு பங்குக்குப் போகும்வரை மாலையில் வாசகம் வாசித்தேன். தங்கையின் மகள் பத்தாம் வகுப்பு முடித்து, நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பெரியம்மாவோடு ஒரே அறையில் தங்கினாள். ஞாயிறு காலையில் அவள் தன் சபைக்குப் போவாள். மாலையில் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் கோயில்வரை கைப்பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டு, பூசை முடியும்வரை மதில்மேல் உட்கார்ந்திருப்பாள். உள்ளே வா என்று அக்கா ஒருநாளும் கூப்பிட்டதில்லை. முடிந்ததும் இருவரும் டீக்கடையில் ஆளுக்கொரு பழம்பொரி வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பார்கள்.